நர்ஸ் உடுப்பில் ஒரு மேயர்: கிஷோரி பெட்னேகரும் மும்பையின் கோவிட் ஆண்டுகளும்

மும்பை மேயர்தான் மும்பையை நடத்துகிறார் என்று வெளியூரில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை வேறு. 2020–21-க்கு மும்பை மாநகராட்சி போட்ட பட்ஜெட் 33,441 கோடி ரூபாய். சில சின்ன மாநிலங்களே அவ்வளவு செலவழிப்பதில்லை. அந்தப் பணத்தில் ஒரே ஒரு டெண்டரைக்கூடத் தன் கையெழுத்தில் விட மேயரால் முடியாது. 1888-ல் வந்த மாநகராட்சிச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில். ஆணையர் என்பவர் மாநில அரசு அனுப்பும் ஐஏஎஸ் அதிகாரி. செலவுக்கு ஒப்புதல் தருவது நிலைக்குழு. அதனால் விவரம் தெரிந்த கட்சிக்காரர்கள் மேயர் நாற்காலியைவிட நிலைக்குழுத் தலைவர் நாற்காலிக்குத்தான் அதிகம் அடித்துக்கொள்வார்கள். மேயர் சபைக்குத் தலைமை வகிப்பார், அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார், எங்கே என்ன அசம்பாவிதம் நடந்தாலும் போய் நிற்பார். 1998-ல் மேயருக்கு ஒரு குழுவையும் அதிகாரத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை, சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டது.

கோவிட் வந்தபோது இந்த நாற்காலியில் இருந்தவர் கிஷோரி பெட்னேகர். சிவசேனாக்காரர், லோயர் பரேல் பக்கத்து மாமன்ற உறுப்பினர், அரசியலுக்கு வருமுன் நர்ஸ். நர்ஸ் வேலை பார்த்த ஒருவர் பெருந்தொற்றின்போது ஒரு பெரிய நகரத்தின் மேயராக இருந்தது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலால் நமக்கு ஒரு நல்ல ஆய்வுப்பொருள் கிடைத்திருக்கிறது. நர்ஸுக்கும் மருந்து எழுதும் அதிகாரம் இல்லை. ஆனால் நோயாளியின் மூச்சில் ஒரு மாற்றம் வந்தால் அது முதலில் தெரிவது அவருக்குத்தான். கவனிப்பது, எழுதி வைப்பது, டாக்டரைக் கூப்பிடுவது, வராவிட்டால் திரும்பக் கூப்பிடுவது என்றே அவருடைய வேலை நடக்கும். மும்பை மேயரின் வேலையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். பெட்னேகர் இந்த ஒற்றுமையை உணர்ந்து நடந்த இடங்களில் நன்றாகச் செய்தார், டாக்டர் போலப் பேசப் போன இடங்களில் சறுக்கினார் என்பது என் கணிப்பு.

மில் வட்டாரத்திலிருந்து

லோயர் பரேலும் ஒர்லியும் ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் ஊர். 1982-ல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதற்குப் பின் மில்கள் எழுந்திருக்கவே இல்லை. மில் நிலத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள். பக்கத்திலேயே பிடிடி சால்கள், அதாவது 1920-களில் ஆங்கிலேயர் கட்டிய, வரிசையாக அறைகள் கொண்ட மாடிக் கட்டடங்கள். மும்பையில் மொத்தம் 207 பிடிடி கட்டடங்கள் என்றால் ஒர்லியில் மட்டும் 121. ஒரு அறையில் ஒரு குடும்பம், மாடிக்குப் பொதுக் கழிப்பறை. சிவசேனாவின் கிளை அலுவலகமான 'ஷாகா' இந்த வட்டாரத்தில் தண்ணீர் லாரியில் தொடங்கி ஆஸ்பத்திரி அட்மிஷன் வரை எல்லாவற்றுக்கும் போகும் இடம். நர்ஸ் படிப்பு படித்த ஒரு பெண்ணுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சம் இருந்திருக்காது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும், கேஸ் பேப்பர் எங்கே எடுக்க வேண்டும், ராத்திரியில் யாரிடம் பேசினால் கட்டில் கிடைக்கும் என்பதெல்லாம் தெரிந்தவருக்கு அந்தச் சால்களில் எப்போதுமே மதிப்பு உண்டு.

அவர் 2002-ல் முதல்முறை மாமன்றத்துக்குப் போனார். பிறகு 2012, 2017. 2017-ல் நின்றது 199-ம் வார்டு. மும்பையில் எந்த வார்டு பெண்களுக்கு, எது இடஒதுக்கீட்டில் வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். ஐந்து வருடம் உழைத்த வார்டு அடுத்த தேர்தலில் கைவிட்டுப் போவது அங்கே சாதாரணம். அந்த ஆட்டத்தில் மூன்று முறை ஜெயித்து வருவது லேசான விஷயமில்லை.

2017 தேர்தலில் 227 இடங்களில் சிவசேனா 84, பாஜக 82. இரண்டு கட்சிகளும் தனித்தனியாக நின்று ஒருவரையொருவர் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் பாஜக ஆதரவோடு சேனாவின் விஷ்வநாத் மகாதேஷ்வர் மேயரானார். 2019 நவம்பரில் மாநிலத்தில் கூட்டணியே உடைந்து ஆட்சி யாருக்கு என்று தெரியாமல் கிடந்தபோது அடுத்த மேயர் தேர்தல் வந்தது. பாஜக வேட்பாளரை நிறுத்தவில்லை. நவம்பர் 22-ம் தேதி பெட்னேகர் போட்டியின்றித் தேர்வானார். ஆறு நாள் கழித்து சிவசேனா தலைவர் உத்தவ் தாக்கரே முதல்வர். அதற்கு முந்தைய மாதம்தான் ஒர்லி தொகுதியில் அவர் மகன் ஆதித்ய தாக்கரே எம்எல்ஏ ஆகியிருந்தார். தலைவரின் மகன் தொகுதி இருக்கும் பகுதிக்கு மேயர் பதவி போனதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவருடைய நர்ஸ் அனுபவத்தைப் பார்த்து யாரும் அவரை மேயராக்கவில்லை. அந்த நவம்பரில் வூஹானின் பெயரே நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

ஆணையரின் நகரம்

2020 மார்ச் 14-ம் தேதி மகாராஷ்டிர அரசு கோவிட் விதிமுறைகளை வெளியிட்டது. அடிப்படை, 1897-ம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். அந்தச் சட்டம் பிறந்ததே இந்த ஊரில் வந்த பிளேக்கினால்தான். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்த்து இது பிளேக் என்று முதலில் சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். அவரும் மாமன்ற உறுப்பினர். 1906-ல் மாநகராட்சியின் தலைவராகவும் ஆனார். மருத்துவம் தெரிந்த ஒரு மாமன்ற உறுப்பினர் நோயைத் தெருவில் கண்டுபிடித்துச் சபையில் சொன்ன அந்தக் கதை மும்பையில் இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அவர் கண்டுபிடித்ததைத் தொடர்ந்து வந்த சட்டம் அதிகாரத்தைக் கொடுத்தது அதிகாரிகளுக்கு. 123 வருடம் கழித்தும் அதே ஏற்பாடுதான். புதிய விதிமுறைகளின்படி நகரங்களில் முடிவெடுப்பவர் மாநகராட்சி ஆணையர்.

ஆகவே கோவிட் வந்ததும் பெட்னேகரின் பதவி இன்னும் சுருங்கியது. எந்தக் கட்டடத்தை சீல் வைப்பது, எந்த மைதானத்தில் படுக்கை போடுவது, எவ்வளவுக்குக் கருவி வாங்குவது எல்லாம் ஆணையர் பிரவீன் பர்தேஷியின் மேசையில். சபைக்கூட்டமும் நடத்த முடியாத நாட்கள். சபை கூடாத ஊரில் சபைத் தலைவருக்கு என்ன வேலை?

அவருடைய சொந்த வட்டாரமே அப்போது எரிந்துகொண்டிருந்தது. மார்ச் கடைசியில் ஒர்லி கோலிவாடா சீல் வைக்கப்பட்டது. கடலோர மீனவர் குடியிருப்பு, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒருவர் நுழையும் சந்து. ஏப்ரலில் மும்பையிலேயே தொற்று மிக அதிகமாக இருந்த நிர்வாகப் பகுதி, ஒர்லியும் லோயர் பரேலும் அடங்கிய ஜி தெற்கு. ஒர்லியின் என்எஸ்சிஐ விளையாட்டு உள்ளரங்கம் தனிமைப்படுத்தும் மையமாகி, பின்னால் கோவிட் சிகிச்சை மையமும் ஆனது. பக்கத்து ஜி வடக்கில் தாராவி. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம் என்பதால் தமிழ் ஊடகங்களில் தாராவியின் பேர்தான் அதிகம் அடிபட்டது. முதலில் திணறியதென்னவோ ஒர்லி.

நர்ஸுகளின் நிலைமையும் மோசம். ஏப்ரல் முதல் வாரத்தில் மும்பை சென்ட்ரல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் 26 நர்ஸுகளுக்கும் 3 டாக்டர்களுக்கும் தொற்று வந்து, மருத்துவமனையையே மூடினார்கள். ஊர் விட்டு ஊர் வந்து விடுதியில் ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கும் பெண்கள் இவர்கள். டியூட்டிக்குப் போனவர் திரும்பி வரும்போது அறையில் இருப்பவர்களுக்கும் நோயைக் கொண்டு வந்துவிடுவார். இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. மாநகராட்சி மருத்துவமனைகளிலும் பாதுகாப்பு உடை, தனிமைப்படுத்தும் விடுப்பு, தங்குமிடம் என்று ஊழியர்கள் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஏப்ரல் 27

அந்த மாதம் மும்பையில் 53 பத்திரிகையாளர்களுக்குத் தொற்று உறுதியானது. மேயர் தினமும் அவர்கள் நடுவே நின்று பேட்டி கொடுத்தவர். சில நாள் தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டார், பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அப்புறம் ஏப்ரல் 27-ம் தேதி நர்ஸ் சீருடையைப் போட்டுக்கொண்டு நாயர் மருத்துவமனைக்குப் போனார். நாயர், மும்பை சென்ட்ரலில் இயங்கும் மாநகராட்சி மருத்துவமனை. அந்த ஏப்ரலில்தான் அதை முழுநேரக் கோவிட் மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். வீட்டிலிருந்தபடி எங்களால் வேலை செய்ய முடியாது, உங்களுக்காகக் களத்தில் இருக்கிறோம், நீங்கள் வீட்டில் இருங்கள் என்கிற பொருளில் படத்தோடு ட்விட்டரில் எழுதினார். படம் நாடெங்கும் போனது.

படத்துக்காகப் போனார் என்று சொல்லலாம். அரசியல்வாதி படத்துக்காக எதுவும் செய்யாமல் இருக்க மாட்டார். ஆனால் அன்று அவர் ஊசி போடவோ டிரிப் மாற்றவோ போகவில்லை. பணியில் இருந்த நர்ஸுகளையும் பயிற்சி மாணவிகளையும் பார்த்துப் பேசினார். தானும் இந்த வேலையைச் செய்தவள்தான், கஷ்டம் தெரியும் என்றார். அது எவ்வளவு தூரம் உதவும் என்று கேட்பவர்கள், அன்றைய நிலையில் ஒரு நர்ஸின் டியூட்டி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு உடையைப் போட்டு, கையுறையும் உடையும் சேரும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, கண்ணாடியை இறுக்கி உள்ளே போனால் ஆறேழு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. பத்து நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி படியும். நரம்பை விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் பழக்கம் இரட்டைக் கையுறைக்குள் வேலை செய்யாது. யார் யாரென்று தெரியாததால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்கள். மாதவிடாய் நாட்களில் இதே உடைதான். இதெல்லாம் அதிகாரிகளின் ஆய்வுக்கூட்டத்தில் பேச்சாக வராது. கேட்கிறவர் இந்த வேலையைச் செய்தவர் என்றால் ஒரு மாணவியால் வாய்விட்டுச் சொல்ல முடியும். அந்த உடுப்பினால் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். மேயருக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையிலிருந்த படிகளில் ஒன்றிரண்டைக் குறைத்தது.

இன்னொன்றும் உண்டு. மருத்துவமனை வேலைக்காரர்கள் திரும்பி வந்தால் குடியிருப்புக்குள்ளேயே விடாத நாட்கள் அவை. மேயரே அந்த உடுப்பில் வந்து நின்றது குடியிருப்போர் சங்கச் செயலாளர்களுக்கும் சேர்த்துச் சொன்ன செய்தி.

ஆனால் அதற்கு மேல் அந்த உடுப்பால் போக முடியவில்லை. மே முதல் வாரத்தில் சயான் மருத்துவமனை வார்டில் நோயாளிகளுக்குப் பக்கத்துக் கட்டில்களில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய உடல்கள் கிடக்கும் வீடியோ வெளியானது. நர்ஸாக இருந்தவருக்கு இது எவ்வளவு அடிப்படையான தவறு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறந்தவரை மற்ற நோயாளிகளின் கண்ணிலிருந்து மறைக்கத் திரை இழுப்பது பயிற்சியின் ஆரம்பப் பாடம். ஆனாலும் முடிவு எடுத்தது வேறு இடத்தில். மே 8-ம் தேதி ஆணையர் பர்தேஷியை மாற்றினார்கள், இக்பால் சிங் சாஹல் வந்தார். இறந்த அரை மணி நேரத்தில் உடலை வார்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டவர் அவர். பரிசோதனை முடிவுகள் முதலில் மாநகராட்சிக்கு வந்து, 24 நிர்வாகப் பகுதிகளிலும் அமைத்த வார் ரூம்களிலிருந்து நோயாளிக்குப் போன் போய், அங்கிருந்தே படுக்கை ஒதுக்கப்படும் முறையும் அவர் காலத்தில் வந்தது. நல்ல முறை. அது வரும்வரை மாமன்ற உறுப்பினர்களின் போன்தான் மும்பையின் வார் ரூம். வந்தபின் சிபாரிசுக்கு இடம் குறைந்தது. மேயர் தரப்புக்கு இதில் கசப்பு இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனாலும் பெட்னேகர் வெளியே ஆணையரோடு பெரிய மல்லுக்கட்டு நடத்தியதாக நினைவில்லை. மாநிலத்தில் ஆள்வது தன் கட்சி, ஆணையரை அனுப்பியது தன் தலைவர் எனும்போது வேறென்ன செய்ய?

சுற்றுக்குப் போகும் பழக்கம்

அவர் தன் பதவிக்கு ஏற்ற வேலையைக் கண்டுகொண்டது அதற்குப் பிறகு. நேரில் போய்ப் பார்ப்பது. மையங்களுக்குப் போவார், வார்டுக்குள் போவார், நோயாளியிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பார். செப்டம்பரில் அவருக்கே தொற்று வந்தது. குணமாகி வந்து மறுபடி அதே சுற்று. 2021 பிப்ரவரியில் இரண்டாம் அலை தலை காட்டியபோது பைகுல்லாவில் லோக்கல் ரயில் ஏறி, முகக்கவசம் போடாதவர்களிடம் போய் நின்று சொன்னார். மும்பையில் ரயில் பெட்டிக்குள் நின்று ஒருவரைத் திருத்துவது எவ்வளவு தைரியமான காரியம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். (மேயரின் வீடும் பைகுல்லாவில்தான், விலங்குக்காட்சி சாலை வளாகத்துக்குள். சிவாஜி பூங்கா பங்களாவைப் பால் தாக்கரே நினைவிடத்துக்குக் கொடுத்த பிறகு வந்த ஏற்பாடு.)

2021 மார்ச் கடைசியில் பாண்டுப்பில் ஒரு வணிக வளாகத்தில் தீப்பிடித்தது. அதே கட்டடத்தின் மேல் தளத்தில் கோவிட் மருத்துவமனை. பலர் இறந்தார்கள். போய்ப் பார்த்த பெட்னேகர், மாலுக்குள் மருத்துவமனையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்றார். இந்தப் பேச்சைப் பலர் கேலி செய்தார்கள், மாநகராட்சிதானே அனுமதி கொடுத்தது என்று கேட்டார்கள். கேள்வி நியாயம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நர்ஸின் கண்ணும் இருக்கிறது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு எந்த வழியாக வெளியேறுவது என்பது ஒரு வார்டில் நின்று வேலை பார்த்தவருக்குத்தான் முதலில் தோன்றும். அந்தக் கேள்வி சான்றிதழ் கொடுக்கும்போது கேட்கப்பட்டிருக்க வேண்டும், உடல்களை எடுத்த பிறகு வந்தது என்பதுதான் வேதனை. ஒரு நகரத்துக்கு மருத்துவம் தெரிந்த மேயர் இருப்பதால் கட்டட அனுமதித் துறையின் கோப்புகள் அவர் கண்ணுக்கு வந்துவிடாது.

நாக்கு சில நேரம் முந்திக்கொள்ளும். 2021 ஏப்ரலில், கும்பமேளாவிலிருந்து திரும்புகிறவர்கள் கொரோனாவைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள் என்று சொல்லிப் பெரிய சர்ச்சையானது. சொன்ன விஷயத்தில் மருத்துவத் தவறு இல்லை. கூட்டத்தில் நோய் பரவும். சொன்ன விதம் ஷாகா மேடைக்கானது. திரும்பி வருகிறவர்களைத் தனிமைப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போனது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2022 ஜனவரியில் நடந்தது. ஒமைக்ரான் ஏறிக்கொண்டிருந்தது. ஜனவரி 4-ம் தேதி, தினசரி தொற்று 20,000-ஐத் தாண்டினால் ஊரடங்கு வரும் என்றார் மேயர். இரண்டு நாளில், ஜனவரி 6-ம் தேதி, மும்பையில் 20,181 பேருக்குத் தொற்று. ஊரடங்கு வரவில்லை. எத்தனை பேருக்குத் தொற்று என்பதை வைத்து முடிவெடுக்க மாட்டோம், எத்தனை படுக்கை நிரம்புகிறது, எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்பதைத்தான் பார்ப்போம் என்பது ஆணையர் சாஹலின் நிலைப்பாடு. மருத்துவ ரீதியில் அதுதான் சரியாகவும் இருந்தது. படுக்கைகள் பெரும்பாலும் காலியாகவே இருந்தன. வார்டில் நின்ற அனுபவம் உள்ளவர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டதும், கோப்பு பார்க்கும் அதிகாரி படுக்கையைப் பார்த்ததும் விசித்திரம். தனக்கு இல்லாத ஒரு அதிகாரத்தை வைத்து அவர் மிரட்டினார், நகரம் அதைக் கவனித்தது.

மறுபடியும் நாயர்

2021 நவம்பர் 30-ம் தேதி ஒர்லி பிடிடி சாலில் ஒரு வீட்டில் சிலிண்டர் வெடித்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். தீக்காயத்தோடு நால்வரையும் நாயர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெகு நேரம் யாரும் கவனிக்காமல் அவர்கள் கிடக்கும் வீடியோ வெளிவந்தது. நான்கு மாதக் கைக்குழந்தை இறந்தது. அடுத்தடுத்த நாட்களில் அப்பாவும் அம்மாவும். இரண்டு டாக்டர்களும் ஒரு நர்ஸும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

மேயரின் சொந்த வட்டாரம். அவர் சீருடையில் போய் நின்ற அதே மருத்துவமனை. இப்போது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒரு நர்ஸ். இந்த வழக்கில் பெட்னேகரைவிடத் தகுதியாகப் பேச மும்பை மாமன்றத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. தீக்காய நோயாளி உள்ளே வந்த முதல் சில நிமிடங்களில் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தவர். நரம்பில் ஊசி ஏற்றி உடனே திரவம் போக வேண்டும். உடலின் எவ்வளவு பகுதி எரிந்தது என்று கணக்கிட வேண்டும். குழந்தைக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம், அதனால் குழந்தைகள் பிரிவிலிருந்து ஆள் வர வேண்டும். அந்த நேரத்தில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள், யார் யாரைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டவர் ஏன் வரவில்லை என்று ஒரு நர்ஸால்தான் சரியாகக் கேட்க முடியும். பணியிடை நீக்கப்பட்ட நர்ஸ் தப்பு செய்தாரா, அல்லது ஆள் பற்றாக்குறையில் மாட்டினாரா என்பதும் அந்தக் கேள்விகளில்தான் வெளிவரும்.

அது நடக்கவில்லை. மேயர் மருத்துவமனைக்கு வர 72 மணி நேரம் ஆனது என்று பாஜகவின் ஆஷிஷ் ஷேலார் தாக்கினார். கேட்ட கேள்வியில் பெண்ணை அவமதிக்கும் வார்த்தை இருந்ததாகப் பெட்னேகர் புகார் கொடுத்தார். மரைன் டிரைவ் போலீஸ் வழக்குப் பதிந்தது. ஷேலார் மறுத்தார். பொதுச் சுகாதாரக் குழுவிலிருந்து பாஜக உறுப்பினர்கள் விலகினார்கள். மேயருக்கு ஆபாசமாகவும் கொலை மிரட்டலாகவும் கடிதம் வந்தது. பெண் அரசியல்வாதிகளிடம் மட்டும் கேட்கப்படும் தொனியில் அவரிடம் கேட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, புகார் கொடுக்க அவருக்கு உரிமையும் உண்டு. ஆனால் ஒரு வாரத்தில் பேச்சு முழுக்க ஷேலார் என்ன சொன்னார், சொல்லவில்லை என்பதாக மாறி, கவனிப்பாரில்லாமல் கிடந்த குழந்தை விஷயம் பின்னுக்குப் போய்விட்டது. அதில் எதிர்க்கட்சிக்கும் பங்கு உண்டு, மேயருக்கும் உண்டு. இதே ஆள் 2020 ஏப்ரலில் கூப்பிடாமலே நாயருக்குப் போனவர் என்பதால்தான் 2021 டிசம்பரில் தாமதம் என்கிற குற்றச்சாட்டு அவ்வளவு வலுவாக ஒட்டியது.

சபை இல்லாத ஊர்

2022 மார்ச் 7-ம் தேதியோடு மாமன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, மறுநாள் முதல் ஆணையரே நிர்வாகி. இதில் நமக்கு ஒரு தமிழ்நாட்டுக் கணக்கும் இருக்கிறது. சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் மாமன்றமே கிடையாது. கோவிட் முழுவதையும் சென்னை ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் கடந்தது. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்து மார்ச் 4-ம் தேதி பிரியா மேயரானார். மூன்று நாள் கழித்து மும்பையில் மேயர் இல்லை. பெருந்தொற்றில் மக்கள் பிரதிநிதி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த இரண்டு ஊர்களைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. சாவு எண்ணிக்கையை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் நோயாளியின் வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்குத் திட்டுவதற்கு மும்பையில் ஒரு முகம் இருந்தது. சென்னையில் 1913 என்ற புகார் எண் இருந்தது.

அதே 2022 ஜூனில் ஏக்நாத் ஷிண்டே தலைமையில் ஒரு பகுதி பிரிந்து சிவசேனா உடைந்தது. பெட்னேகர் உத்தவ் பக்கமே நின்றார். பிறகு வழக்குகள். அவற்றில் பெரியது, கோவிட் காலத்தில் இறந்தவர்களின் உடலைச் சுற்றும் பைகளை அதிக விலைக்கு வாங்கியதாக 2023 ஆகஸ்டில் மும்பை போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவு பதிந்த வழக்கு. மாநகராட்சி அதிகாரிகளோடு அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். செஷன்ஸ் நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்தபின் செப்டம்பரில் உயர்நீதிமன்றம் கைதிலிருந்து இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. வழக்கின் உள்ளே போக எனக்கு விருப்பமில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. ஆய்வுக்கு வேண்டியது ஒன்றுதான். கொள்முதல் அதிகாரம் சட்டப்படி மேயரிடம் இல்லை. அதிகாரமில்லாத பதவியிலிருந்து சொல்வாக்கை மட்டும் வைத்து ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்கிற கேள்வி அவருடைய மேயர் காலம் முழுக்க வந்தது. இங்கே அது குற்றவழக்காகவே வந்து நிற்கிறது.

கிட்டத்தட்ட நான்கு வருடம் மும்பையின் கேஇஎம், சயான், நாயர், கூப்பர் மருத்துவமனைகள் மாமன்றத்தின் கேள்விகள் இல்லாமலே நடந்தன. 2026 ஜனவரி 15-ல் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. பாஜக 89, ஷிண்டே சேனா 29. இரண்டும் சேர்ந்து பெரும்பான்மை. உத்தவ் கட்சிக்கு 65. மும்பை மாநகராட்சியில் தாக்கரே குடும்பத்தின் நெடுநாள் பிடி அதோடு விட்டது. 199-ம் வார்டில் பெட்னேகர் மறுபடி ஜெயித்தார். இனி அவர் உட்காருவது எதிர்க்கட்சி வரிசையில். நர்ஸ் பணியிடங்களில் எத்தனை காலி, ராத்திரி டியூட்டியில் தீக்காயப் பிரிவில் எத்தனை பேர் என்று கேட்பதற்கு அந்த வரிசையே போதும். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர், எப்போதும்போல, ஆணையர்தான்.